மாப்பிள்ளை சோபா

ஏரியில் குப்பை போடக்கூடாது என்று ஊர் முழுக்க மைக்கில் ஒலித்த குரல் என்னுடையது. அந்தக் குரல் தெருத்தெருவாகச் சுற்றிக்கொண்டிருந்த அதே வாரத்தில் ஏரியில் ஒரு முழு சோபாவைத் தள்ளிவிட்டவனும் நான்தான். இதை ஏதோ துணிச்சலாக ஒப்புக்கொள்வதாக நினைக்க வேண்டாம். எங்கள் பழவேற்காட்டுப் பக்கத்தில் இந்தக் கதை தெரியாதவர்கள் கைக்குழந்தைகள் மட்டும்தான். அவர்களுக்கும் பேச்சு புரிய ஆரம்பித்ததும் யாராவது சொல்லிவிடுகிறார்கள்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. பி.காம். முடித்துவிட்டு ஊராட்சி அலுவலகத்தில் தற்காலிகக் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். (எங்கள் குப்பத்திலிருந்து சட்டையை பேண்ட்டுக்குள் விட்டுக்கொண்டு வேலைக்குப் போன முதல் ஆள் நான். தலைக்கனத்துக்கு அது போதுமானதாக இருந்தது.)

ஊரில் அப்போது பெரிய சாமான் தொல்லை. காலொடிந்த கட்டில், துருப்பிடித்த பீரோ, செத்துப்போன டி.வி. எல்லாவற்றையும் ஜனங்கள் டச்சுக் கல்லறைக்குப் போகிற வழியில் போட்டுவிடுவார்கள். அந்தக் கல்லறை வாசலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நிற்கும். ஒருநாள் அவற்றின் காலடியில் யாரோ ஒரு கயிற்றுக் கட்டிலைக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். இத்தனை நூறு வருஷமாக நின்றுகொண்டே இருக்கின்றனவே, கொஞ்சம் படுக்கட்டும் என்று நினைத்தார்களோ என்னவோ.

எங்கள் ஊராட்சித் தலைவரம்மா என்னைக் கூப்பிட்டார்.

"பாஸ்கரு, வெளியூருக்காரங்க வந்து டச்சுக்காரன் கல்லறைய வுட்டுட்டு நம்ம கட்டில போட்டோ புடிச்சிக்கினு போறாங்கபா. எதுனா ஒரு வழி பண்ணு."

பண்ணினேன். மாதம் ஒரு சனிக்கிழமை டிராக்டர் வரும், பெரிய சாமான் உள்ளவர்கள் அலுவலகத்தில் பெயர் கொடுக்க வேண்டும், டிராக்டர் வரும்வரை அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று திட்டம் போட்டேன். மீறி வழியிலோ ஏரியிலோ போட்டால் அபராதம். அதோடு, மீறியவர் பெயர் மைக்கில் வாசிக்கப்படும். அந்தக் கடைசி ஷரத்து முழுக்க முழுக்க என் சொந்த மூளையில் உதித்தது. அறிவிப்பையும் நானே குரலைக் கனமாக்கிக்கொண்டு பதிவு செய்தேன். ஒரு ஆட்டோ அதைச் சுமந்துகொண்டு காலையும் மாலையும் சுற்றியது.

டிராக்டர் ஒரே ஒரு சனிக்கிழமை வந்தது. பிறகு பழுதாகி மீஞ்சூர் ஒர்க்‌ஷாப்பில் போய் உட்கார்ந்துகொண்டது.

இந்தச் சமயத்தில்தான் எனக்குச் செல்வியைப் பேசினார்கள். ஏரிக்கு நடுவில் இருக்கிற தீவுக் குப்பத்துப் பெண். திருப்பாலைவனம் கோயிலில் ஒரே ஒரு தடவை பார்த்திருந்தேன். பஸ் வருவதற்குள் எங்கள் பிள்ளைகளுக்குப் பெயர்கூட வைத்துவிட்டேன். ஆனால் அவளுடைய அப்பா லேசுப்பட்டவர் இல்லை. ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளை வீடுகளுக்குப் போய், காபியைக் குடித்துவிட்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் படகேறிப் போனவர். அவர் புதன்கிழமை காலை எங்கள் வீட்டைப் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார். நான் எங்கள் வீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தேன், நம்பிக்கை போய்விட்டது.

காரணம், எங்கள் சோபா. பதினோரு வருஷத்துக்கு முன்னால் நைனா, அதாவது என் அப்பா, எங்கிருந்தோ வாங்கிவந்தது. ரெக்சின் கிழிந்து, ஒரு கால் உடைந்து, அந்த இடத்தில் நைனா முறிந்த துடுப்பு ஒன்றை அறுத்து முட்டுக் கொடுத்திருந்தார். நடுவில் ஒரு ஸ்பிரிங் ஒளிந்திருந்தது. யார் எப்போது உட்காருவார்கள் என்று அது காத்துக்கொண்டே இருக்கும். இவ்வளவுக்கும் மேல், பல நாள் வலை மூட்டைகளைச் சுமந்ததால் காய்ந்த இறால் வாசனை வேறு.

"இன்னாத்துக்குடா அத தூக்கணும்? சம்பந்தி வந்தா எங்க உக்காருவாரு?" என்றார் நைனா.

"நைனா, அதுல உக்காந்தாருன்னா அப்படியே எழுந்து ஓடிடுவாரு."

நைனா கேட்கவில்லை. அவருக்கு அதன்மேல் அவ்வளவு பிரியம். பிரியமான எதையும் அவர் பெயின்ட் அடிக்காமல் விடமாட்டார். எங்கள் குப்பத்தில் வீட்டுக்கு வீடு ஒரு வண்ணம் உண்டு. எங்களுக்குப் பச்சையில் இரண்டு மஞ்சள் கோடு. படகுக்கு அடித்து மீந்த பெயின்டைத் துடுப்பு, மிதவை, தண்ணீர் டிரம் என்று கண்ணில் பட்டதிலெல்லாம் அடித்து, 'கோதண்டம்' என்று தன் பெயரையும் எழுதிவிடுவார். (என் பள்ளிக்கூட டிபன் பாக்ஸில்கூட அவர் பெயர்தான் இருந்தது. ஆறாம் வகுப்பு வாத்தியார் ஒரு வருஷம் முழுக்க என்னைக் கோதண்டம் என்றே கூப்பிட்டார்.)

புதன்கிழமை விடிகாலையில் நைனா மீன்பிடிக்கக் கிளம்பியதும் அக்கா வீட்டுக்காரர் ஏழுமலை மாமாவை அழைத்துவந்தேன். இருட்டோடு இருட்டாகச் சோபாவைத் தார்ப்பாயில் சுற்றி அவர் படகில் ஏற்றினோம். முகத்துவாரத்துப் பக்கமாகக் கொண்டுபோய்த் தள்ளினால் கடல் பார்த்துக்கொள்ளும் என்பது என் கணக்கு.

மாமா தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தார்.

"டேய், கடல் தண்ணி இன்னும் உள்ள ஏறிக்கினுகீது. இப்ப வுட்டா ஏரிக்குள்ளயே திரும்பிடும்டா. வடியிற நேரம் வரைக்கும் இரு."

"அதெல்லாம் மூழ்கிடும் மாமா, தள்ளுங்க. நேரமாச்சு."

இருபது வருஷமாக அந்தத் தண்ணீரில் கிடக்கிறவருக்கு நான் சொல்லிக்கொடுத்தேன். பி.காம். அல்லவா! தார்ப்பாயை உருவிவிட்டுத் தள்ளினோம். சோபா மூழ்கவில்லை. மிக நிதானமாக, காற்று வாங்கப் போகிறவர்போல மிதந்து போனது.

ஒன்பது மணிக்கு வீட்டு வாசலில் வாடகை நாற்காலிகள் வரிசையாக இருந்தன. எனக்காக நாலு நல்ல வார்த்தை சொல்லட்டும் என்று தலைவரம்மாவையும் வரவழைத்திருந்தேன். கரைக்குத் திரும்பிய நைனா உள்ளே எட்டிப் பார்த்தார்.

"சோபா எங்கடா?"

"டிராக்டர்ல போட்டுட்டேன் நைனா."

அவர் திட்டியிருந்தால் பரவாயில்லை. துடுப்புக் கால் தரையில் பதித்திருந்த தடத்தைக் காலால் தேய்த்துவிட்டு, கை கால் கழுவப் போனார். எனக்கு மனசு என்னவோபோல் ஆகிவிட்டது. ஆனால் அதற்குள் படகுச் சத்தம் கேட்டது.

எங்கள் ஏரியில் ஒரு வழக்கம் உண்டு. துடுப்பையோ மிதவையையோ தண்ணீர் அடித்துக்கொண்டு போனால், பார்க்கிறவர்கள் வண்ணத்தையும் பெயரையும் பார்த்து உடையவர் வீட்டில் கொண்டுவந்து சேர்த்துவிடுவார்கள். அதற்கு நன்றிகூட யாரும் எதிர்பார்ப்பதில்லை. பிறந்ததிலிருந்து எனக்குத் தெரிந்த வழக்கம்தான். அன்று காலை மட்டும் மறந்துபோயிற்று.

பெண் வீட்டார் படகு கரையை நெருங்கியது. அதன் பின்னால் கயிற்றில் கட்டி இழுக்கப்பட்டு எங்கள் சோபா வந்துகொண்டிருந்தது. அதன் மேல் ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்தபடி உட்கார்ந்திருந்தது. பதினோரு வருஷமாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த சோபாவின் முதுகு, முதல்முறையாக ஊரைப் பார்த்தது. பச்சை. இரண்டு மஞ்சள் கோடு. கோதண்டம்.

செல்வியின் அப்பா முழங்கால் தண்ணீரில் குதித்து இறங்கினார். முகமெல்லாம் பெருமை.

"சம்பந்தி! உங்க சோபா ஏரில அடிச்சிக்கினு வந்துச்சி. நல்லவேளை, நாங்க பாத்தோம். பேரப் பாத்தா உங்க பேரு! கடலுக்குப் போயிருந்தா ஆப்புட்டிருக்குமா?"

நைனா என்னைப் பார்த்தார். "டிராக்டர்ல போட்டேன்னு சொன்ன?"

"டிராக்டரு மீஞ்சூர் ஒர்க்‌ஷாப்ல இல்ல கீது?" என்றார் தலைவரம்மா.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஆட்டோ திரும்பியது. "அன்பார்ந்த பொதுமக்களே! உடைந்த கட்டில், பீரோ, சோபா ஆகியவற்றை ஏரியில் போடுபவர்களின் பெயர் இதே மைக்கில் வாசிக்கப்படும்!" என்று என் குரலே என்னை மிரட்டியது. நாற்காலி போட்டுக்கொண்டிருந்த ஏழுமலை மாமா, யாரும் கேட்காமலே, "நான் அப்பவே சொன்னேன், தண்ணி ஏறுதுன்னு" என்றார்.

இனி மறைக்க ஒன்றுமில்லை. செல்வியின் அப்பா முன்னால் போய் நின்றேன்.

"நான்தாங்க போட்டேன். அதப் பாத்தா நீங்க பதில் சொல்லாம படகேறிடுவீங்கன்னு பயந்துட்டேன்."

அவர் படகு இருந்த பக்கமாகத் திரும்பி நடந்தார். போச்சு, மூன்றாவது வீடும் முடிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர், கரையில் இழுத்துப் போட்டிருந்த ஈர சோபாவிடம் போய், நடுவில் உட்கார்ந்தார். அடுத்த நொடியே "எம்மா!" என்று துள்ளி எழுந்து, வேட்டியின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டார்.

"ஏரில போட்டது தப்பு," என்றார். "ஆனா வீட்ட வுட்டுத் தூக்கினது தப்பில்ல."

முதலில் சிரித்தது நைனாதான். செல்வியின் அப்பா தொடர்ந்தார்: "ஒரு பொய்யி சொல்லி ஒரு மணி நேரம் காப்பாத்தத் தெரியல இவருக்கு. எம்பொண்ணுகிட்ட இன்னாத்த மறைக்கப்போறாரு? எனக்கு சம்மதம் சம்பந்தி."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் தலைவரம்மா விடவில்லை. அன்று மாலையே அபராதம் கட்டி, "கோதண்டம் மகன் பாஸ்கர்" என்று என் பெயரை நானே பதிவு செய்து, ஒரு வாரம் ஊர் முழுக்க ஒலிபரப்பினேன்.

தலைவரம்மா அதோடு நிற்கவில்லை. தூக்கிப்போடுகிற பெரிய சாமான் எதுவாக இருந்தாலும் வீட்டு வண்ணமும் பெயரும் எழுதி, படகுத்துறைக்குப் பக்கத்து மைதானத்தில்தான் வைக்க வேண்டும் என்று புது விதி போட்டார். அடையாளத்துக்கு அங்கே முதலில் எங்கள் சோபாவை வைத்தார். அதன் பிறகு கல்லறை வழியில் யாராவது கட்டில் போட்டால், மாலைக்குள் அக்கம்பக்கத்தார் அதைத் தூக்கிக்கொண்டு போய் உடையவர் வாசலிலேயே போட்டுவிட்டு வந்தார்கள். எலும்புக்கூடுகளுக்குப் பழையபடி நிற்கிற வேலைதான்.

டிராக்டர் குணமாகி வந்து சோபாவை ஏற்றிப்போயிற்று. (துடுப்புக் காலை மட்டும் நைனா கழற்றிக்கொண்டார்.) ஆனால் அந்த இடத்துக்குப் பெயர் மாறவில்லை. "உடைந்த சாமான்களை மாப்பிள்ளை சோபா அருகே வைக்கவும்" என்றுதான் இன்றும் மைக்கில் சொல்கிறார்கள். இப்போது வேறு யாரோ பேசுகிறார்கள். என்னைவிட நல்ல குரல்.

கல்யாணமான புதிதில் ஒருமுறை செல்வியோடு சண்டை. "நான் எங்கயாவது போறேன்" என்று பையில் இரண்டு சட்டையைத் திணித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். அவள் தடுக்கவில்லை. நைனாவின் பெயின்ட் டப்பாவை எடுத்துவந்து, என் பையில் பச்சையைப் பூசி, மேலே இரண்டு மஞ்சள் கோடு இழுத்தாள்.

"போயிட்டு வா," என்றாள். "யாருனா பாத்து இட்டாந்து வுட்டுடுவாங்க."

பெயின்ட் காயும்வரை வாசலிலேயே நின்றிருந்தேன். அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள்.