நாற்பத்தோராவது வருகை

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். சேரன்மகாதேவியில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை. பத்தாவது பாஸானால்தான் வேலை நிரந்தரம் என்றார்கள். சரி, தனித்தேர்வு எழுதிவிடுவோம் என்று இறங்கினேன்.

விண்ணப்பத்தில் ஒரு முத்திரை விழ வேண்டும். அதற்காக பஸ் ஏறி கல்வி அலுவலகத்துக்கு நாற்பது தடவை போய்வந்தேன். ஒரு நாள் முத்திரை இருந்தது, மை இல்லை. இன்னொரு நாள் மை இருந்தது, பீரோ சாவி லீவில் இருந்தது. வருகைப் பதிவேட்டில் மட்டும் தவறாமல் கையெழுத்து வாங்கினார்கள்.

நாற்பத்தோராவது தடவை போனது கடைசி நாள். ஐந்து மணிக்குள் முத்திரை விழாவிட்டால் அந்த வருஷம் பரீட்சை இல்லை.

அதிகாரி வைத்தீஸ்வரன் அன்றுதான் மணிமுத்தாறு அருவிப் பக்கம் 'இலக்கும் ஒழுக்கமும்' என்ற மூன்று நாள் பயிற்சியை முடித்துத் திரும்பியிருந்தார். பதிவேட்டைப் புரட்டியவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நாப்பத்தோரு தடவை. கொஞ்சம்கூட சலிக்கல. ஜெபராணியம்மாவ இன்னைக்கே கௌரவிக்கணும்."

"சார், எனக்கு முத்திரை மட்டும் போதும்."

"பாத்தியளா சார், இலக்கை விட்டு இம்மிகூட விலகல," என்றார் எழுத்தர் முத்துமாலை.

நாலு மணிக்கு விழா. பாராட்ட எல்லா ஊழியர்களும் மேடைக்கு வந்துவிட்டதால் கவுண்டரில் ஆள் இல்லை. வரிசையில் நின்றவர்கள்தான் கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். பாராட்டுப் பத்திரத்தில் முத்திரை பளிச்சென்று விழுந்திருந்தது. மேடையை விட்டு இறங்கும்போது மணி ஐந்தேகால்.

அடுத்த வருஷம் புது விண்ணப்பத்தோடு போனேன். சுவரில் என் படம். கீழே, 'இலக்கை அடைந்தவர், வருகை 41'.

முத்துமாலை படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்கதான் அடைஞ்சிட்டியளே. பொறவு எதுக்கு விண்ணப்பம்?"

"பரீட்சை இன்னும் எழுதல அண்ணாச்சி."

"அப்படி ஒண்ணும் படத்துல போடலயே."

எனக்குப் பின்னால் நின்ற மேலப்பாளையத்துத் தஸ்மியாவுக்குப் பொறுக்கவில்லை. மகளுடைய சான்றிதழுக்காக வந்தவள். "இங்கன ஒரு வேலயாவது நடக்குதா? எத்தனை தடவை அலைய வைப்பிய?" என்று சத்தம் போட்டாள்.

முத்துமாலை கோபப்படவில்லை. "நீங்க எத்தனை தடவை வந்திருக்கிய?"

"பதினோரு தடவை."

அவர் பேனாவால் சுவரைக் காட்டினார்.

தஸ்மியா படத்தை அண்ணாந்து பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "நம்மகிட்டதான் முயற்சி பத்தலை போல," என்று சொல்லிக்கொண்டே போய் வரிசையின் கடைசியில் நின்றாள்.

அவளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த வரிசையே என்னை மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு, பதிவேட்டில் நாற்பத்திரண்டாவது கையெழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டேன்.