மைனஸ் 9999 மீட்டரில் மாமாவின் வீடு

அபிராமபுரம்

பெருமதிப்புக்குரிய மாமா சர்தார் அவர்களுக்கு மருமகன் அப்துல் சமத் ஸலாம் கூறி எழுதுவது. நான் சுகம். உம்மே ஹானி என்னிடம் கோபித்துக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டையில் உங்கள் வீட்டுக்கே வந்துவிட்டதால், அவள் சுகத்தை நீங்கள்தான் எழுத வேண்டும். என் போனை இருவருமே எடுப்பதில்லை, ஆகவே கடிதம்.

முதலில் முக்கியமானது: உங்கள் வீடு வெள்ளத்தில் மூழ்காது. நடந்தது இதுதான். ஆழ்வார்பேட்டையில் எங்கள் ஆபீசில் மழை வந்தால் எங்கே தண்ணீர் நிற்கும் என்று மேப் போடுகிறோம். ஊரைச் சதுரம் சதுரமாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஃபைல். அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் தரை எவ்வளவு உயரம் என்று ஓர் எண். அத்தனையையும் கையால் திறந்து பார்த்தால் அடுத்த ரம்ஜான் வந்துவிடும் என்பதால், பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, "எல்லாத்தையும் நீயே வரிசையா முடி" என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போவேன். சாட்டிலைட்டில் படம் எடுத்தபோது மேகம் மறைத்துத் தரை தெரியாமல் போன இடத்தைக் காலியாக விடமாட்டார்கள். மைனஸ் 9999 என்று போடுவது எங்கள் தொழில் வழக்கம். அதற்கு அர்த்தம் 'தெரியாது', அவ்வளவே. அதைத் தாண்டிப் போ என்று ஸ்கிரிப்டில் ஒரு வரி எழுத வேண்டும், நான் மறந்துவிட்டேன். உங்கள் வீட்டின் மேல் மேகம் இருந்திருக்கிறது. ஆக வீடு கடல் மட்டத்துக்குக் கீழே பத்து கிலோமீட்டர் போய்விட்டது. கூவமே அவ்வளவு ஆழம் கிடையாது என்று எனக்காவது தோன்றியிருக்க வேண்டாமா?

அன்றைக்குப் பார்த்து உம்மே ஹானி, "எங்க அத்தா வூடு மேப்புல இன்னா கலர்ல கீது?" என்று கேட்டாள். "நீலம்" என்றேன். அதற்குமேல் ஒரு வார்த்தை கேட்காமல் உங்களுக்குப் போன் போட்டாள். நீங்களும் சோபா, பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் மொட்டைமாடிக்கு ஏற்றிவிட்டீர்கள். மறுநாள் என் மச்சினி அஃப்ராவைப் பெண் பார்க்க அடையாறிலிருந்து வந்தவர்களை வெயிலில் அந்த சோபாவிலேயே உட்கார வைத்து, பையனின் அம்மா காரணம் கேட்டதற்கு, "எங்க மாப்ள மேப்புல இந்த வூடு தண்ணிக்குள்ள கீதும்மா. அவரு தப்பா சொல்ல மாட்டாரு" என்றீர்களாம். என்மேல் இவ்வளவு நம்பிக்கையா என்று நெகிழ்ந்துபோனேன் மாமா, ஆனால் அதை வேறொரு நாளைக்கு வைத்துக்கொண்டிருக்கலாம். அவர்கள் "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்து போய்விட்டார்கள். அஃப்ராவுக்குப் பையனைப் பிடித்திருந்தது என்று கேள்விப்பட்டபோது எனக்கு மனசே ஆறவில்லை. என் ஒரு வரி மறதியால் அந்தப் பெண்ணின் கல்யாணம் நிற்கக்கூடாது.

ஆகவே அந்த வரியைச் சேர்த்து, மேகம் இல்லாத நாளின் படத்தையும் வைத்து, எல்லா ஃபைலையும் மறுபடி ஓட்டிவிட்டேன். உங்கள் வீடு இப்போது நல்ல பச்சை. அந்த மேப்பைப் பையன் வீட்டுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், சந்தேகம் தீர்ந்து அவர்களே கூப்பிடுவார்கள். சோபாவைக் கீழே இறக்குங்கள். உம்மே ஹானியையும் அனுப்பிவையுங்கள்.

உங்கள் துஆவில் என்னையும் சேர்த்துக்கொள்ளக் கோரும் மருமகன்,
அப்துல் சமத்

பி.கு: கடிதத்தை ஒட்டும்போது அஃப்ரா போன் செய்தாள். புது மேப்பில் பையன் வீட்டார் தங்கள் வீட்டைத் தேடிப் பார்த்தார்களாம், நீலமாம். நானும் பார்த்துவிட்டேன்; இது மைனஸ் 9999 இல்லை, நிஜத் தண்ணீர்தான். அங்கே இப்போது சோபா மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறது. "மச்சான், இப்ப நாம யோசிச்சுச் சொல்றோம்னு சொல்லட்டா?" என்று அஃப்ரா கேட்கிறாள். சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனாலும் பயமாக இருக்கிறது மாமா, நான் மறுபடி டீ குடிக்கப் போகிறேன்.