ராஜாவுக்கு ஒரு சார்ஜ் ஷீட்

உலகத்திலேயே ஓர் ஆங்கிலக் கவிதைக்குச் சார்ஜ் ஷீட் கொடுத்த ஒரே மனிதர் எங்கள் என்கொயரி அண்ணாதான். ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். எந்தத் தொழிலாளி மேல் விசாரணை வந்தாலும் அவன் பக்கம் உட்கார்ந்து வாதாடியே பட்டப்பெயர் வாங்கியவர். ஓய்வு பெற்றதும் அஞ்சல் வழியில் பி.ஏ. ஆங்கிலம் சேர்ந்துவிட்டார். ஞாயிறுதோறும் அம்பத்தூரில் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆளான நான் பயந்துகொண்டே போய் உட்கார்ந்த பெஞ்சில் பக்கத்து ஆள் அவர். "சார்" என்றேன். முறைத்தார்.

"கிளாஸ்மேட்டுக்கு இன்னா நைனா சாரு? அண்ணான்னு கூப்டு."

அன்றைய பாடம் விக்டோரியா ராணி காலத்துக் கவிதை. ஒரு கிழட்டு ராஜா. ஊர் ஊராகச் சண்டை போட்டவனுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. நாட்டை மகனிடம் விட்டுவிட்டு, பழைய கூட்டாளிகளோடு மறுபடி கப்பல் ஏறக் கிளம்புகிறான். கவிதை முழுக்க அவன் ஒருவனே பேசுகிறான்.

"தளராத மனித ஆன்மாவின் குரல்!" என்று மேடம் உருகினார். அண்ணா எழுந்தார்.

"மேடம், இது ஒன்சைடு ஸ்டேட்மெண்ட்டு. பொண்டாட்டி வாக்குமூலம் எங்க? பையன் சார்ஜ் எடுத்துக்கினேன்னு கையெழுத்து போட்டானா? கூட்டாளிங்கள வாங்கன்றாரு, ஒருத்தனாவது வரேன்னானா?"

மேடம் புத்தகத்தைப் புரட்டினார். உண்மையிலேயே ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

"நீங்க எப்பவும் சார்ஜ் ஷீட் வாங்கின ஆளுக்காகத்தானே வாதாடுவீங்க?" என்று கிசுகிசுத்தேன்.

"ராஜான்னா மேனேஜ்மெண்ட்டு நைனா!"

அடுத்த வாரமே ராஜா மேல் நான்கு குற்றச்சாட்டுகளை டைப் அடித்து எடுத்து வந்தார். சம்பந்தப்பட்டவர் ஊரில் இல்லாவிட்டால் நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதுதான் விதியாம். ஒட்டினார். பாதி வகுப்பு அதைப் பரீட்சை அறிவிப்பு என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனது.

பரீட்சை நெருங்க, சேர்ந்து படிக்கலாமென்று பட்டாபிராமில் அவர் வீட்டுக்குப் போனேன். நோட்ஸ் தேடி ஃபைலைத் திறந்தால், அந்தமானில் படகு ஒர்க்‌ஷாப் ஒன்றில் இரண்டு வருட வேலைக்கு ஆர்டர். கூடவே கப்பல் டிக்கெட். ஒன்றே ஒன்று.

"இன்னாண்ணா இது?"

"கத்தாத. ஊட்டுல சும்மா குந்திக்கினு, கீற ஃபேனையே நாலு வாட்டி கழட்டி மாட்டிட்டேன். கை நமநமன்னுது."

"அண்ணிகிட்ட வாக்குமூலம் வாங்கிட்டீங்களா?"

எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ! ராஜாவையே கூண்டில் ஏற்றியவர் எழுந்தார். சட்டையை மாட்டி, வெள்ளைத் தாளோடு சமையலறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்.

"ஸ்டெல்லா, நான் அந்தமான் போறதுல உனக்கு ஆட்சேபணை எதுனா கீதா?"

மீன் கழுவிக்கொண்டிருந்த அண்ணி திரும்பவே இல்லை. "டிக்கெட்ட போன வாரமே பாத்துட்டேன். நீ எப்ப வாயத் தொறப்பேன்னு பாத்துக்கினு கீறேன்."

"அப்ப போவ வேணான்றியா?"

"இத்தினி வருசமா நீதான் பேசினே, நான்தான் கேட்டேன். இன்னிக்கு நான் சொல்றேன், எழுதிக்க. எனக்கும் ஒரு டிக்கெட்டு போடு."

எழுதினார். அண்ணி ஈரக் கையோடு கையெழுத்துப் போட்டார். சாட்சி நான்.

பரீட்சை முடிந்ததும் இருவரும் கப்பல் ஏறிவிட்டார்கள். போன வாரம் அண்ணி போன் செய்தார். பின்னால் அண்ணா யாரிடமோ விதிகளை விளக்கிக்கொண்டிருப்பது கேட்டது.

"இன்னாப்பா, ஒண்ணும் பேச மாட்டேன்ற?" என்றார் அண்ணி.

"போனை அவர் பக்கம் புடிங்க அண்ணி. கொஞ்ச நேரம் கேட்டுக்கிறேன்."