பாக்குவெட்டிக்கு வைத்த மூன்று பல்

நம் வீடுகளில் எந்தச் சாமானும் தன் வேலையை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்ததில்லை. அம்மிக் குழவி ஆணி அடிக்கும், கத்தி முனை ஸ்குரூ திருகும், சாப்பாட்டுத் தட்டு தண்ணீர்க் குடத்துக்கு மூடியாகும். இதை நான் குறை சொல்லமாட்டேன். சொல்லும் யோக்கியதையும் எனக்குக் கிடையாது. என்னைப் பெண் பார்க்க வந்த அன்று நடந்த கூத்துக்கெல்லாம் இந்தப் புத்திதான் காரணம்.

தொண்ணூற்று மூன்றாம் வருஷம். அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. நான் பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம். ப்ராஜெக்டுக்கு மற்றவர்களெல்லாம் காலிங் பெல், பேட்டரி சார்ஜர் என்று புத்திசாலித்தனமாக ஒதுங்கிக்கொள்ள, நான் மட்டும் ரோபோ கை செய்கிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். ஒரு தட்டில் இருக்கும் எலுமிச்சம்பழத்தை எடுத்து இன்னொரு தட்டில் வைக்கும் கை. ("அதுக்குத்தான் ஆண்டவன் ரெண்டு குடுத்திருக்கானே, அதுலயே ஒரு வேலையும் செய்யக் காணோம்" என்றாள் அம்மா.)

பழைய டேப் ரிக்கார்டர் மோட்டார் ஐந்து, தகர டப்பா இரண்டு, முப்பத்தெட்டு ஒயர். வில்லங்கம் ஒயரில்தான் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு முனை. ஒவ்வொரு முனையிலும் மேலே இருக்கிற பிளாஸ்டிக் உறையை மட்டும் உரிக்க வேண்டும், உள்ளே இருக்கிற தலைமுடி மாதிரியான செம்பு இழைகளில் கீறல் படக் கூடாது. "சும்மா கிடக்கிற ஒயர்ல ரெண்டு இழை அத்துப் போனாலும் ஓடும்மா. இது ஆடுற கை. ஒரு இழை அத்துச்சுன்னா, பின்னாடியே மத்ததும் போயிரும்" என்று எங்கள் சார் சொல்லியிருந்தார். அதற்கான நல்ல ஸ்ட்ரிப்பர் லேபில் ஒன்றே ஒன்று. அது பீரோவுக்குள் இருந்தது. பீரோச் சாவி இன்னொரு சாரிடம் இருந்தது. அவர் லீவில் இருந்தார்.

முதலில் பல்லால் கடித்து இழுத்தேன். உலகத்து எலெக்ட்ரீஷியன் எல்லாம் அப்படித்தானே செய்கிறார்கள்? அம்மா பார்த்துவிட்டு அலறினாள். "மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வர்ற நேரத்துல முன்பல்லு போச்சுன்னா யாரு கட்டுவா ஒன்னய?" பிறகு பிளேடு. அது உறையோடு இழையையும் அறுத்தது, கட்டை விரலையும் அறுத்தது. பிறகு நகவெட்டி. இரண்டு நாளில் அதன் வாய் கோணிக்கொண்டது. மெழுகுவர்த்தியில் காட்டி உருக்கிப் பார்த்தேன். தெருவில் இருந்தவர்கள் எங்கள் வீட்டு மீட்டர் எரிகிறது என்று ஓடி வந்தார்கள்.

கடைசியில் பஜாரில் ஹார்டுவேர் கடைக்குப் போனேன்.

"ஒயர் உரிக்கிறதா? இந்தா. வீட்டு ஒயரிங்குக்குத்தானம்மா?" என்றார் கடைக்காரர்.

"இல்ல அண்ணாச்சி, ரோபோவுக்கு."

"ரோபோவா? அவுக வீடு எந்தத் தெரு?"

அவர் கொடுத்த ஸ்ட்ரிப்பரின் ஓட்டை, பம்ப்செட்டுக்கு இழுக்கிற ஒயருக்கானது. என் ஒயர் அதற்குள் புகுந்து, அலுங்காமல் நலுங்காமல் உறையோடு வெளியே வந்தது. திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அப்போதுதான் சாமான் அலமாரியில் அம்மாவின் பாக்குவெட்டி கண்ணில் பட்டது. அம்மாவுக்குச் சீராக வந்தது, மயில் கழுத்துப் பிடி. எங்கள் வீட்டில் கடைச் சீவல்தான் என்பதால் அது வேலையில்லாமல் இருந்தது. எடுத்துப் பார்த்தேன். ஸ்ட்ரிப்பருக்கும் அதற்கும் வித்தியாசம் ஓட்டை மட்டும்தான். முக்கோண அரம் ஒன்றை எடுத்து, மூன்று அளவு ஒயருக்கு மூன்று பல் வைத்து ராவினேன். ஒயரைப் பல்லில் வைத்து, அமுக்கி, இழுத்தால், உறை மட்டும் சுருண்டு விழுந்தது. ஒரு இழைகூடப் போகவில்லை. நான் துள்ளிக் குதித்த குதியில் அடுப்படியிலிருந்து அம்மா, "என்னடி, எலியா?" என்று கேட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மல்லாங்கிணற்றிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் வந்த இரண்டு வரன்களிடமும் நான் பட்டும் படாமலும்தான் நின்றேன். இந்த வரன் வேறு. கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகலாம் என்று மாப்பிள்ளையே சொல்லி அனுப்பியிருந்தார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் அப்படி ஒரு வார்த்தையை யாரும் கேட்டதில்லை. எனக்கு இந்த இடம் வேண்டும் என்று இருந்தது. வெளியே சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா, எல்லாருக்கும் நடுவில் மாப்பிள்ளை அப்பாவின் அக்கா. அந்தப் பெரியத்தை சொல்வதுதான் அந்த வீட்டில் தீர்ப்பு என்று தரகர் முன்னாலேயே காதில் போட்டிருந்தார். எல்லாம் நல்லபடியாகப் போனது. காப்பியைக் கொடுத்தேன், சிந்தவில்லை. கும்பிட்டேன், சேலை அவிழவில்லை. அம்மா வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். வந்த இடத்தில் பெரியவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டால் சம்மதம், தொடாமல் எழுந்துவிட்டால் வேறு இடம் பார்க்கலாம் என்று அர்த்தம்.

பெரியத்தை தட்டைப் பார்த்து முகம் சுளித்தார். "கடைச் சீவலு எனக்கு ஆகாது. மடியில கொட்டப்பாக்கு வச்சிருக்கேன். பாக்குவெட்டி இருக்கா மதினி?"

"இல்லாம? எங்க வீட்டுச் சீரு! ஏ ராணி, எடுத்தாத்தா!" என்றாள் அம்மா பெருமையாக.

உள்ளே போய், "காணோம்மா" என்று குரல் கொடுத்தேன். "ஒன் மேசையிலதான் கிடந்துச்சு, காலையில பாத்தேனே!" என்று பதில் வந்தது. வேறு வழியில்லை. முந்தானையில் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொன்னேன்.

பெரியத்தை பாக்கை வைத்து அமுக்கினார். பாக்கு வெட்டுப்படவில்லை, பல்லில் மாட்டியது. இன்னும் பலமாக அமுக்கினார். 'டிக்' என்று ஒரு சத்தம். பாக்கு துள்ளிப் பறந்து, குடிக்கத் தூக்கிய மாப்பிள்ளையின் காப்பித் தம்ளருக்குள் விழுந்தது. வெள்ளைச் சட்டை, கழுத்து, மீசை எங்கும் காப்பி.

பெரியத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாக்குவெட்டியை ஆராய்ந்தார். இடுக்கிலிருந்து சிவப்பாக ஒரு சுருளைக் கிள்ளி எடுத்தார். "என்ன இது, மொளகா வத்தலா?"

"பாக்குவெட்டிய எலி கடிச்சிருக்கும் போல" என்றார் அப்பா. (என்னைக் காப்பாற்றுகிறாராம்.)

"இரும்பையா?"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகிவிட்டேன். "நாந்தான் அத்தே பல்லு வச்சேன். ரோபோவுக்கு" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எனக்குத்தான் வாயில் சனி ஆயிற்றே! ஏன் என்று விளங்க வைக்கிறேன் பேர்வழி என்று உள்ளே ஓடி ஒயர்க் கட்டை அள்ளிக்கொண்டு வந்து, கட்டிய பட்டுச்சேலையோடு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன். பிளேடில் உரித்த ஒயர் ஒன்று, பாக்குவெட்டியில் உரித்தது ஒன்று. "ரெண்டையும் மடக்கி மடக்கிப் பாருங்க" என்று மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். அவரும் காப்பி சொட்டச் சொட்ட மடக்கினார். பிளேடு ஒயர் பத்தாவது மடக்கில் அறுந்தது. மற்றது அப்படியே இருந்தது. "பாத்தீகளா!" என்று நான் கை தட்டினேன். வேறு யாரும் தட்டவில்லை.

பெரியத்தை வெற்றிலையைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தார். "போயிட்டு வாறோம். தரகர்கிட்டச் சொல்லி விடுங்க."

அன்று முழுக்க அம்மா அழுதாள். "நல்ல சம்பந்தம். பாக்குவெட்டியில போச்சே!" நான் ப்ராஜெக்டுக்காக அழுவதுபோல மேசையில் தலை கவிழ்ந்து அழுதேன். அந்த மனிதர் காப்பிச் சட்டையோடு ஒயரை மடக்கிக்கொண்டிருந்தது கண்ணிலேயே நின்றது.

அடுத்த வாரம் தேர்வு. கை எலுமிச்சம்பழத்தை எடுத்து ஒழுங்காக அடுத்த தட்டில் வைத்தது. முப்பத்தெட்டு ஒயரில் ஒன்றுகூட அறுபடவில்லை. வெளியிலிருந்து வந்த சார், "எந்த ஸ்ட்ரிப்பர்ம்மா?" என்று கேட்டார். "வீட்டுது சார்" என்று சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினேன்.

பத்தாம் நாள் தரகர் வந்தார். "ஏன் பதிலே சொல்லலன்னு மாப்பிள்ளையோட பெரியத்தை கோவமா இருக்காக."

"நாங்க என்னத்தச் சொல்ல? வெத்தலையத் தொடாமத்தான எந்திரிச்சாக?" என்றாள் அம்மா.

தரகர் தலையில் அடித்துக்கொண்டார். "பாக்கு வெட்டுப்படலன்னா வெறும் வெத்தலையவா மெல்லுவாக? அவுக வீட்டு டேபிள் பேன் ஒயரு அத்துப்போயி ஆறு மாசமாச்சாம். அந்தப் பிள்ளைய வெரசா கட்டிக் கூட்டியாங்கன்னு ஒத்தக்கால்ல நிக்கிறாக."

கல்யாணத்தில் அப்பா தன் பங்குக்குப் பழி தீர்த்துக்கொண்டார். சீர்ப் பாத்திரங்களில் எல்லாம் என் பெயரை வெட்டச் சொன்னவர், புதுப் பாக்குவெட்டியில் மட்டும் 'பாக்குக்கு மட்டும்' என்று வெட்டச் சொல்லிவிட்டார். பக்கத்திலேயே மதுரையிலிருந்து வாங்கிய ஸ்ட்ரிப்பர் ஒன்று, அதன் பிடியில் 'ஒயருக்கு மட்டும்'. சீர் பார்க்க வந்த ஊர்சனம் முழுக்க அதைச் சத்தம் போட்டு வாசித்தது.

போன மாதம்கூட ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தோம். பந்தி முடிந்து காப்பி வந்தது. பக்கத்தில் யாரோ ஒரு ஆச்சி பாக்குவெட்டியை எடுத்தார். என் வீட்டுக்காரர் பேச்சை நிறுத்தவில்லை, அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. தம்ளரை மட்டும் உள்ளங்கையால் இறுக மூடிக்கொண்டார்.