மரைன் ஹில்லில் ஒரு நிரந்தரக் குடும்பம்

உலகத்தில் வீட்டுச் சந்தை என்று ஒன்று தோன்றிய நாள்முதலாக, குடியிருப்போரின் தொந்தரவு இல்லாமல் அது செழித்து வளர்ந்த ஒரே ஊர் எங்கள் போர்ட் பிளேர்தான். தீவு மனை வளர்ச்சிப் பேரவையின் செயலாளர் என்ற முறையில் இதை மார்தட்டிச் சொல்வேன். பேரவையின் ஆண்டறிக்கையை எழுதுவது நான்தான். மற்ற நேரங்களில் வீட்டுத் தரகு பார்ப்பதும் நான்தான். ஆகவே அறிக்கையில் என்னை மறுத்துப் பேச ஆளில்லை.

பேரவைத் தலைவர் சந்திரமோகன் சார் கான்ட்ராக்டர். மரைன் ஹில்லில் அவருடைய மாடிவீட்டின் கீழ்த்தளத்தில் கிளமெண்ட் குடும்பம் பத்து வருஷமாகக் குடியிருந்தது. கிளமெண்ட் படகு இன்ஜின் மெக்கானிக், பூர்விகம் தூத்துக்குடிப் பக்கம். மனைவி ஜோஸ்லின் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள். நல்ல வீடொன்றை இவர்கள் வெறுமனே குடியிருந்தே வீணாக்குவதைத் தலைவரால் பொறுக்க முடியவில்லை. சுற்றுலாக்காரர்களுக்கு நாள் வாடகைக்கு விட்டால் அதே வீடு "ஹோம்ஸ்டே" ஆகிவிடும். குடும்பம் எதுவும் ஸ்டே பண்ணாத ஹோமுக்குத்தான் அந்தப் பெயர்.

"மார்ச்சுக்குள்ள காலி பண்ணிடுங்க கிளமெண்ட். ஊர் டெவலப் ஆகுதுல்ல?" என்றார் தலைவர்.

"ஆகட்டும் சார். நாங்க எங்க போறது?"

"ஃபிக்கர் மத் கரோ, கவலைப்படாதீங்க. நம்ம செயலாளர் பார்த்துக்குவார்."

பார்த்துக்கொண்டேன். முதலில் பழனிசாமி என்பவரின் வீட்டுக்கு அழைத்துப்போனேன். அவர் வாசலிலேயே கேட்டார்: "வீட்டுக்குள்ள மீன் சமைப்பீங்களா?"

"நாலு பக்கமும் கடல் சார்," என்றார் கிளமெண்ட்.

"கடல் வெளியே இருக்கட்டும். நான் உள்ளே நடக்கிறதைக் கேட்கிறேன்."

அடுத்தது உமா மகேஸ்வரி அம்மாளின் "கடல் காட்சி" இல்லம். ஜோஸ்லின் குழாயைத் திறந்தாள். காற்று வந்தது.

"தண்ணி வரலியே அண்ணே?"

"ஜன்னலைத் திறந்து பாரும்மா. எவ்வளவு தண்ணி வேணும்?" என்றேன்.

உமா மகேஸ்வரி அம்மாளுக்கு இளகிய மனது. "மழைக்காலம் பூரா இருந்துக்கங்க. பூஜா சீசன்ல கொல்கத்தாக்காரங்க வந்துருவாங்க. அப்போ மட்டும் காலி பண்ணிக் குடுத்துடணும்."

"அப்ப நாங்க எங்க போவோம்?"

"நீங்களும் எங்கயாவது டூர் போயிட்டு வாங்களேன்."

கடைசியாக நான் ஒரு "புறநகர்" வீட்டைச் சிபாரிசு செய்தேன். பக்கத்துத் தீவில், ரங்கத்தில்.

"ரங்கத்துல இருந்து நான் எப்படி அண்ணே டியூட்டிக்கு வாரது? பஸ்ஸுல வந்து சேரவே பொழுது போயிருமே," என்றாள் ஜோஸ்லின்.

"காற்று நல்லா இருக்கும்மா," என்றேன்.

மார்ச் முடிந்தது. மனை போனதால் மனைவி ஒரு பக்கம், கணவன் ஒரு பக்கம் ஆனார்கள். ஜோஸ்லின் சக நர்ஸ் ஒருத்தியின் குவார்ட்டர்ஸில் ஒண்டினாள். கிளமெண்ட், பழுதுபார்க்க வந்த படகிலேயே படுத்துக்கொண்டார். மகளை மாயாபந்தரில் இருக்கும் அத்தை ஞானசெல்வி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் அறிக்கையில் மனநிறைவோடு எழுதினேன்: "ஒரே ஆண்டில் ஒரு சாதாரணக் குடும்பத்தின் வசிப்பிடங்கள் ஒன்றிலிருந்து மூன்றாக உயர்ந்துள்ளன. வளர்ச்சி இருநூறு சதவீதம்."

ஜோஸ்லின் என்னை எங்கே பார்த்தாலும் நிறுத்துவாள். "பிள்ளை தினமும் போன்ல கேக்கா அண்ணே, வீடு கிடைச்சிட்டாம்மான்னு. என்னன்னு சொல்ல?"

"சந்தை நல்ல நிலையில் இருப்பதாகச் சொல்லும்மா," என்று ஆறுதல் கூறுவேன்.

இந்த நிலையில்தான் பேரவையின் ஆண்டுவிழாவுக்குச் சென்னையிலிருந்து அருண்பிரசாத் என்ற முதலீட்டாளர் வரச் சம்மதித்தார். பெரிய அடுக்குமாடி கட்டும் யோசனை. ஆனால் ஒரு விசித்திரமான நிபந்தனை போட்டார். "டூரிஸ்டை நம்பிக் கட்ட மாட்டேன். நிரந்தரமா வாழுற குடும்பம் ஒண்ணைக் கண்ணால பார்க்கணும்."

தலைவரும் நானும் மரைன் ஹில் முழுக்கத் தேடினோம். வீட்டுக்கு வீடு ஹோம்ஸ்டே பலகை இருந்தது. குடும்பம்தான் இல்லை.

"கிளமெண்டைக் கூப்பிடுய்யா," என்றார் தலைவர். "ஏக் தின் கீ பாத் ஹை, ஒரு நாள் விஷயம்தானே."

படகுத்துறைக்குப் போனேன். கிளமெண்டுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கள என்ன, நாடகக்காரங்கன்னு நினைச்சியளா?"

அவருக்குச் சோறு கொண்டுவந்திருந்த ஜோஸ்லின் மட்டும் நிதானமாகக் கேட்டாள்: "சாமான் எல்லாம் கொண்டு வரணுமா அண்ணே?"

"எல்லாம் வேணும். தத்ரூபமா இருக்கணும்."

"பிள்ளையும்?"

"பிள்ளை இருந்தா இன்னும் விசேஷம்."

"அப்ப சரி. வாரோம்."

விழா நாளன்று வீடு களைகட்டியது. கட்டில், கிரைண்டர், மாதா படம், துவைத்துக் காயப்போட்ட துணி, அடுப்பில் சூரைமீன் குழம்பு. மாயாபந்தரிலிருந்து வந்த மகள், பழைய ஆணியிலேயே பள்ளிக்கூடப் பையை மாட்டிவிட்டு, அறை அறையாக ஓடிப் பார்த்தாள். ஹோம்ஸ்டே பலகையைப் போர்வையால் மூடியிருந்தோம். அருண்பிரசாத் வந்தார். உள்ளூர் டிவி கேமராவும் வந்தது.

தலைவர் கிளமெண்டின் தோளில் கை போட்டார். "இவங்க என் வாடகைக்காரங்க இல்ல, என் குடும்பம். பத்து வருஷமா இங்கதான் இருக்காங்க. நான் உயிரோட இருக்கிறவரைக்கும் இவங்களை இந்த வீட்டை விட்டு யாரும் கிளப்ப முடியாது!"

நான்தான் முதலில் கைதட்டினேன். அது செயலாளரின் கடமை.

"சார், சத்தம் சரியா விழல," என்றாள் ஜோஸ்லின். "கேமராவைப் பார்த்து இன்னொரு தடவை சொல்லுங்களேன்."

தலைவர் இன்னொரு தடவை சொன்னார். கூடவே "சத்தியமா" என்றும் சேர்த்துக்கொண்டார்.

விருந்தினர் போனதும், "பஹுத் அச்சா! ரொம்ப நல்லா பண்ணீங்க. சாமானைக் கட்டுங்க, சாயங்காலம் கொல்கத்தா பார்ட்டி வருது," என்றார் தலைவர்.

ஜோஸ்லின் கிரில் கதவை உள்ளே இழுத்துப் பூட்டினாள்.

"எங்க சார் போவோம்? எங்களை யாரும் கிளப்ப முடியாதுன்னு நீங்கதான சத்தியம் பண்ணுனிய? ராத்திரி டிவில போடுதாவளாம்."

அந்த நேரத்தில் ஏர்போர்ட்டிலிருந்து அருண்பிரசாத் போனில் வந்தார். "சந்திரமோகன் சார், அந்தக் குடும்பத்தை நீங்க நடத்துற விதத்தைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட முடிவு பண்ணேன். எப்ப வந்தாலும் முதல் சாப்பாடு அந்த அம்மா கையாலதான்!"

தலைவர் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே கிளமெண்ட் வெறுந்தரையில் கால் நீட்டிப் படுத்திருந்தார். பக்கத்தில் மகள், வெகுநாள் கதையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

அன்று மாலை உறுப்பினர்கள் மட்டும் கூடிய கூட்டத்தில் அறிக்கையின் கடைசிப் பத்தியை நான் எழுந்து நின்று வாசித்தேன்:

"இந்த ஆண்டு நம் சந்தையில் ஒரே ஒரு குடும்பத்துக்கு வீடு கிடைத்திருக்கிறது. அதுவும் நம் தலைவர் சொன்ன ஒரு பொய்யால். ஊரில் வீடில்லாத குடும்பங்கள் இன்னும் ஏராளம். ஆகவே வரும் ஆண்டில் உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் கேமரா முன் ஒரு பொய்யாவது சொல்லும்படி பேரவை வேண்டிக்கொள்கிறது. வழக்கம்போல நாம் நம் தொழிலை மட்டும் செய்துகொண்டிருந்தால் ஒருவருக்கும் வீடு கிடைக்கப்போவதில்லை."