ஒரு ஜட்ஜு களி

எனக்குப் பேச வராது. சாப்பாடு போட வரும். வீட்டுக்கு யாராவது வந்தால் "வாங்க" என்று சொல்வதற்குள் எனக்கு வேர்த்துவிடும். அதனால் வாயைத் திறக்காமல் நேரே அடுப்படிக்குப் போய்த் தட்டைக் கழுவிக்கொண்டு வந்துவிடுவேன். வந்தவர் கேபிள் டிவிக்காரராக இருந்தாலும் சரி. (ஒருமுறை வழி கேட்க வந்தவர் இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டுப் போனார். வழியை மட்டும் கடைசிவரை நான் சொல்லவில்லை.)

இப்படிப்பட்டவளைத்தான் எங்கள் மகளிர் குழு ஒரு போட்டிக்கு அனுப்பியது.

எங்கள் ஊர் பண்ணைப்புரத்துக்குப் பக்கம். அப்போது இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ இருக்கும். உத்தமபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மகளிர் குழுக்களுக்குச் சமையல் போட்டி என்றார்கள். வீட்டில் இருப்பதை வைத்துச் சிக்கனமான சைவச் சாப்பாடு செய்துகொண்டு வர வேண்டும். ஒரு ஆளுக்கு, ஒரு வேளைக்கு. ஆனால் அது சரிவிகித உணவாக இருக்க வேண்டும். முதல் பரிசு கிரைண்டர்.

கிரைண்டர் என்ற சொல்லைக் கேட்டதும் எங்கள் தலைவி பாண்டியம்மா அக்கா எழுந்தே நின்றுவிட்டார். குழுவாகச் சேர்ந்து இட்லி மாவு ஆட்டி விற்கத் தொடங்கியிருந்தோம். எல்லாம் ஆட்டுக்கல்லில். முறை வைத்து ஆட்டி ஆட்டி எல்லோருக்கும் தோள்பட்டை போயிருந்தது. இரண்டு பேர் ஏற்கெனவே வேலையிலிருந்து நின்றுவிட்டார்கள். கிரைண்டர் வந்தால் வியாபாரம் நடக்கும், வராவிட்டால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்ற நிலை.

"களி கிண்டுறதுல ஒன்னைய அடிச்சுக்க ஆளு இல்லத்தா. நீதான் போற" என்றார் அக்கா.

"பேசணுமாக்கா?"

"நீ என்னத்துக்குப் பேசுற? நீ கிண்டு, நான் பேசுறேன். எனக்கு என்ன வாயா இல்ல?"

(அதில் எங்கள் ஊரில் யாருக்கும் சந்தேகம் கிடையாது.)

சரிவிகித உணவு என்றால் என்னவென்று ஐந்தாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் மகள்தான் சொல்லிக்கொடுத்தாள். தானியம், பருப்பு, கீரை, காய், பால், பழம், எல்லாம் அளவாக இருக்க வேண்டுமாம். யோசித்துப் பார்த்தால் தோட்ட வேலை நாளில் எங்கள் வீட்டில் சாப்பிடுவதே அதுதான். பேர் தெரியாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். கேப்பைக் களி, தட்டாம்பயறும் கத்தரிக்காயும் போட்ட புளிக்குழம்பு, பாசிப்பருப்பு போட்ட முருங்கைக்கீரை, கெட்டி மோர், உரித்த சின்ன வெங்காயம், ஒரு வாழைப்பழம் என்று முடிவு செய்தேன்.

ஒரு ஆள் அளவு என்றார்களே, அதில்தான் சறுக்கினேன். எனக்குத் தெரிந்த ஒரு ஆள் என் வீட்டுக்காரர். விடிந்ததிலிருந்து வாழைத்தோப்பில் மண்வெட்டி பிடித்துவிட்டு வருகிறவர். அவருக்கு மூன்று உருண்டை. உருண்டை என்றால் டீக்கடைப் போண்டா அளவு இல்லை, உரித்த தேங்காய் அளவு. இருப்பதை அப்படியே அளந்து வைத்தால் வீட்டுக்கு ஆகாது என்று கூட ஒன்று. ஆக நான்கு உருண்டையும் அதற்குத் தக்க குழம்பும் தூக்குவாளியில் ஏறின.

மண்டபத்தில் நுழைந்ததும் முதல் அடி விழுந்தது. சமைத்தவர்தான் விளக்கம் சொல்ல வேண்டுமாம். பாண்டியம்மா அக்காவைத் தடுப்புக்குக் கட்டிய கயிற்றுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார்கள். இரண்டாவது அடி, சீட்டுக் குலுக்கியதில் எனக்கு முதல் மேசை. நான் வாழை இலையைப் போட்டு எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த மண்டபத்துத் தரையில் எத்தனை கல் விரிசல் விட்டிருந்தது என்று கேட்டால் இன்றும் சொல்வேன்.

ஜட்ஜுகள் மூன்று பேர். கண்ணாடி போட்ட ஓர் அதிகாரி அம்மா, ஒரு டாக்டர் அம்மா, அப்புறம் சென்னைப் பக்கத்திலிருந்து புதிதாக வந்திருந்த உணவு நிபுணர். அவர் சின்ன வயசுத் தம்பி. முருங்கைக்காய்க்குப் பேண்ட் போட்டதுபோல் இருந்தார். அவர்தான் மைக்கில் பேசினார். "எதையும் அளவோடு சாப்பிட வேண்டும்" என்று மூன்று விதமாகச் சொன்னார். பேசி முடிக்கவும் வாசலில் சிறப்பு விருந்தினரின் கார் வரவும் சரியாக இருந்தது. இரண்டு அம்மாக்களும், "நீங்க ஆரம்பிங்க தம்பி" என்று சொல்லிவிட்டு மாலையோடு வாசலுக்குப் போனார்கள்.

தம்பி கையில் ஒரு சின்னத் தட்டும் ஸ்பூனும் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றார். எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கவில்லை. நின்றுகொண்டு, ஸ்பூனில் கிள்ளித் தின்றுவிட்டுப் போவதற்கு இதென்ன மருந்தா? நாற்காலியை இழுத்துப் போட்டேன். இலையை அவர் பக்கம் திருப்பினேன். அவரும் பாவம், உட்கார்ந்துவிட்டார்.

"இதுல என்னென்ன சத்து இருக்குக்கா?"

கை மட்டும் வேலை செய்தது. களியில் குழி பறித்துக் குழம்பை ஊற்றினேன்.

அவர் களியை மெல்லத் தொடங்கினார். களியை மென்றால் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அவர் முகம் ஒரு மாதிரி போனது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நல்லவேளை, பக்கத்து மேசைக் கூடலூர்ப் பெண் எட்டிப் பார்த்தாள். "மெல்லாதீக சார்! கொழம்புல பெரட்டி அப்படியே முழுங்கணும்!"

தம்பி முழுங்கினார். அதன்பிறகு வேலை வேகமாக நடந்தது.

"எத்தனை கலோரி இருக்கும்க்கா?"

கீரை வைத்தேன்.

"இரும்புச்சத்து எதுல?"

இன்னும் கீரை வைத்தேன். (இது தற்செயலாகச் சரியான விடை.)

இரண்டாவது உருண்டை முடிந்ததும், "போதும்க்கா" என்றார்.

எங்கள் பக்கம் முதல் 'போதும்' மரியாதைக்கு. இரண்டாவது கூச்சத்துக்கு. மூன்றாவது தடவை இரண்டு கையையும் இலைமேல் விரித்து, ஆளே கவிழ்ந்து மறைத்தால்தான் வயிறு நிறைந்தது என்று கணக்கு. அப்போதும் விரல் இடுக்கில் ஊற்றுகிறவர்கள் உண்டு. சென்னைத் தம்பிக்கு இது தெரியாது. ஒரு தடவை சொல்லிவிட்டு நிம்மதியாக மோரைக் குடித்தார். குனிந்து பார்த்தால் இலையில் மூன்றாவது உருண்டை.

அவர் என்னைப் பார்த்தார். களியைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "ரெண்டு மாசமா லாட்ஜ்லதான் இருக்கேன்க்கா. தினம் பரோட்டா. வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டே ரொம்ப நாளாச்சு" என்றார்.

இதைக் கேட்ட பிறகு கரண்டியைக் கீழே வைக்க எனக்கு மனம் வருமா?

கயிற்றுக்கு அந்தப் பக்கம் பாண்டியம்மா அக்கா எழுந்து நின்று இரண்டு கையையும் கீழ்ப்பக்கம் அமுக்கி அமுக்கிக் காட்டினார். நிறுத்து என்று அர்த்தமாம். நன்றாக அமுக்கி வை என்கிறார் என்று நான் நினைத்தேன். அடுத்து விரலால் கழுத்தை அறுப்பதுபோல் காட்டினார். வெங்காயத்தை நறுக்கி வைக்கச் சொல்கிறார் என்று அதையும் செய்தேன்.

நான்காவது உருண்டையும் போனது. தூக்கைக் கவிழ்த்து மிச்சக் குழம்பையும் ஊற்றினேன். கடைசியாக வாழைப்பழத்தை உரித்துக் கையில் கொடுத்தேன். அப்போதுதான் அந்த இரண்டு அம்மாக்களும் சிறப்பு விருந்தினரை உட்கார வைத்துவிட்டு என் மேசைக்கு வந்தார்கள்.

அதிகாரி அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெறும் தூக்கைப் பார்த்தார். துடைத்து வைத்த மாதிரி இருந்த இலையைப் பார்த்தார்.

"உங்க சாப்பாடு எங்கம்மா?"

அன்றைக்கு நான் கொடுத்த ஒரே விளக்கம் அதுதான். விரலை நீட்டி அந்தத் தம்பியைக் காட்டினேன்.

தம்பிக்கு விக்கல் எடுத்தது.

"என்ன தம்பி இது? இன்னும் பதினாலு மேசை இருக்கே?" என்றார் டாக்டர் அம்மா. தம்பி எழுந்தார், மேசையைப் பிடித்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்தார். இரண்டாவது மேசையில் கூடலூர்ப் பெண்ணின் வாழைப்பூப் பொரியலை ஸ்பூனில் எடுத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். மூன்றாவது மேசைக்கு அவர் போகவில்லை. மேடைக்குப் பின்னால் ஒரு பெஞ்சில் சாய்த்து வைத்திருப்பதாகச் சொன்னார்கள்.

முடிவு அறிவித்தார்கள். தம்பி எனக்கு முழு மார்க் போட்டிருந்தார். மற்ற இருவருக்கும் ருசி பார்க்க ஒன்றுமே இல்லாததால் இரண்டு பேரும் பூஜ்யம் போட்டிருந்தார்கள். போடிப் பக்கத்துக் குழுவின் முளைகட்டிய பாசிப்பயறு ஜெயித்தது. கிரைண்டரை நான்கு பேர் தூக்கிக்கொண்டு எங்களைத் தாண்டித்தான் போனார்கள். கலந்துகொண்ட எல்லோருக்கும் ஆறுதல் பரிசு, எவர்சில்வர் கரண்டி.

"அய்யா, தயவுசெஞ்சு இவ கையில மட்டும் கரண்டிய குடுக்காதீக" என்று பாண்டியம்மா அக்கா முன்னால் போய் வாங்கிக்கொண்டார்.

திரும்பும்போது ஜீப்பில் கூட வந்திருந்த குழுப் பெண்கள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்கள். எல்லோருக்கும் பசி வேறு. மதியச் சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு வாய் மிஞ்சும் என்று நம்பி வந்தவர்கள். கோம்பை தாண்டியதும் அக்கா என் பக்கம் திரும்பினார். அடி விழப்போகிறது என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"ஏத்தா, நெசமாச் சொல்லு. அந்த ஜட்ஜு எம்புட்டுத்தான் தின்னாக?"

"நாலு உருண்டைக்கா."

"நாலா! ஒம் புருசனே மூணுதானடி தின்பாக!"

யாரோ ஒருத்தி முதலில் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான். டிரைவர் வண்டியை ஓரம் கட்டும் அளவுக்கு ஜீப் முழுக்கச் சிரிப்பு. நான் மட்டும் அழுதேன். கொஞ்ச நேரத்தில் நானும் சிரித்தேன்.

கிரைண்டர் வாங்க அதன்பிறகு இரண்டு தீபாவளி ஆனது. அதுவரை ஆட்டுக்கல் முறை எனக்குத்தான் அதிகம் வந்தது. நானும் வாய் திறக்காமல் ஆட்டினேன்.

அன்று ஜீப்பில் பிறந்த அளவு எங்கள் ஊரில் நிலைத்துவிட்டது. நான்கு உருண்டை என்றால் ஒரு ஜட்ஜு. பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, "அம்மா, அரை ஜட்ஜு வை" என்பார்கள். களியில் தொடங்கியது சோற்றுக்கும் வந்தது. என் மகளுக்குக் கல்யாணமாகி மறுவீட்டுச் சாப்பாட்டுக்கு மாப்பிள்ளை வந்து உட்கார்ந்தபோது, என் வீட்டுக்காரர் உள்ளே பார்த்து, "மாப்பிள்ளைக்கு ஒரு ஜட்ஜு வையத்தா!" என்று சத்தம் போட்டார். மாப்பிள்ளை சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்று வாசலைப் பார்த்தார். விவரம் சொன்னதும் சிரித்தார். சிரித்துவிட்டு முக்கால் கேட்டார்.

இப்போது எனக்குச் சர்க்கரை எட்டிப் பார்க்கிறது. அளவோடு சாப்பிட வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்கு மட்டும் என் வீட்டுக்காரர்தான் பரிமாறுகிறார்.

"இனிமே ஒனக்குக் கால் ஜட்ஜு. அதுக்கு மேல அப்பீல் கெடையாது."

நான் தட்டை மட்டும் இன்னொரு தடவை நீட்டினேன்.