எலும்புக்கூட்டின் வலது கை

ஒரு விஷயத்தைத் தெரியாமல் இருப்பது கஷ்டம். தப்பாகத் தெரிந்துவைத்திருப்பது அப்படியில்லை, பரம சுகம். சந்தேகமே வராது. முதலாண்டு மருத்துவம் படித்தபோது அந்தச் சுகத்தை நான் மாதக்கணக்கில் அனுபவித்தேன்.

இது நடந்தது இரண்டாயிரமாவது ஆண்டில். கோலார் தங்கவயலில் நந்திதுர்க் பக்கம் எங்கள் வீடு. அங்கிருந்து தினமும் பஸ் பிடித்துக் கல்லூரிக்குப் போய்வந்தேன். முதலாண்டு மாணவர்கள் சீனியர்களிடமிருந்து ஒரு பெட்டி நிஜ எலும்புகளை வாங்கி வீட்டில் வைத்துப் படிப்பது வழக்கம். நானும் ஒரு பெட்டிக்குச் சொல்லிவைத்துவிட்டு அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"இன்னாடி ஸ்டெல்லா சொல்றே? ஜெபமாலை சொல்ற வூட்ல யாரு பெத்த புள்ளையோட எலும்போ வந்து குந்திக்கணுமா?" என்றாள் அம்மா. "ஆளு பேரு இன்னான்னாவது கேட்டியா?"

கேட்கவில்லை. பெட்டியும் வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரித் தோழி ஒருத்தி ஒரு சிடி கொடுத்தாள். கணினியில் போட்டால் கறுப்புத் திரையில் ஓர் எலும்புக்கூடு நம்மைப் பார்த்தபடி நிற்கும். எந்த எலும்பைச் சொடுக்கினாலும் அது பெரிதாகி முன்னால் வரும். மேடு, பள்ளம், துளை எல்லாவற்றுக்கும் ஓர் அமெரிக்கக் குரல் பெயர் சொல்லும். வீட்டில் கணினி இல்லை. கடைத்தெருவில் பாபு அண்ணன் நடத்திய கம்ப்யூட்டர் சென்டரே கதியென்று கிடந்தேன். (கார் பந்தயம் ஆட வந்தவர்கள் ஆட்டத்தை விட்டுவிட்டு என் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பாபு அண்ணனுக்கு அதில் வருத்தம்தான்.)

கல்லூரியில் மற்றவர்கள் ஓர் எலும்புக்கு அடித்துக்கொள்வதைப் பார்க்கப் பரிதாபமாக இருக்கும். நான் அந்தக் கூட்டத்தில் சேரவே இல்லை. புது நூற்றாண்டின் மாணவி எலும்பைத் தொட்டுக் கையை அழுக்காக்கிக்கொள்வாளா?

ஒரே ஒரு சந்தேகம் மட்டும் வந்தது. கை கால் எலும்புகளில் எது வலது, எது இடது? சிடியில் எங்காவது சொல்லியிருப்பார்கள், எனக்குத் தேடத் தெரியவில்லை. என்னை அழைத்துப்போக வந்த அப்பாவிடம் கேட்டேன். அப்பா பெரிய எந்திரங்கள் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டர். டிராயிங் பார்த்தே காலம் தள்ளியவர். திரையைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"இதுல இன்னா கீது? டிராயிங்ல உன் வலது கை பக்கம் இருக்கறது வலது. இடது கை பக்கம் இருக்கறது இடது. அவ்ளோதான்."

எலும்புக்கூடு எதிரே நின்று நம்மைப் பார்க்கிறது, அதன் வலது கை நம் இடப்பக்கம்தான் வரும் என்பது அப்பாவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. இதயம் இருந்திருந்தால் அதுவாவது காட்டிக்கொடுத்திருக்கும். எலும்புக்கூட்டுக்கு ஏது இதயம்?

வாய்மொழித் தேர்வு வந்தது. அதில் தேறாவிட்டால் ஆண்டுத் தேர்வு எழுத விடமாட்டார்கள், ஒரு வருடம் வீணாகும். எங்கள் கோவில் ஃபாதர் பூசையில் என் பெயரைச் சொல்லி மன்றாடினார். அம்மா ஒருசந்தி விரதம் இருந்தாள். நான் மட்டும் ஒரு கவலையும் இல்லாமல் போனேன்.

மேஜையில் எலும்புகள் பரப்பியிருந்தன. பேராசிரியை ஒரு தொடை எலும்பை என் கையில் கொடுத்து, "எந்தப் பக்கம்?" என்றார். அதன் கனமே எனக்கு முதல் அதிர்ச்சி (திரையில் எலும்புக்குக் கனம் கிடையாது). நழுவப் பார்த்ததைப் பிடித்துக்கொண்டு, "வலது" என்றேன்.

அடுத்தது மேற்கை எலும்பு. "இடது." தோள்பட்டை எலும்பு. "வலது, மேடம்." பதில்கள் டக் டக்கென்று வந்தன. மேடு பள்ளங்களின் பெயரையும் கடகடவென்று ஒப்பித்தேன். அவர் புருவம் ஏற ஏற, அசந்துபோகிறார் என்று நினைத்தேன். என் ஆள்காட்டி விரல் பழக்கதோஷத்தில் ஓர் எலும்பை இரண்டு தடவை தட்டிப் பார்த்தது. அது பெரிதாகவில்லை.

கடைசியில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"குருட்டாம்போக்கில் சொன்னால்கூடப் பாதி சரியாக வருமே அம்மா. பக்கம் அத்தனையும் தப்பு. இதற்கு நிறையப் படித்திருக்க வேண்டும். யார் சொல்லிக்கொடுத்தது?"

அப்பாவைக் காட்டிக்கொடுக்க மனம் வரவில்லை. "சிடி, மேடம்" என்றேன்.

தங்கள் முறைக்காகக் காத்திருந்த வகுப்பே சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். பெயர்களைப் பிழையில்லாமல் சொன்னதற்காக ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். "சிடியை விட வேண்டாம். ஆனால் எலும்பைக் கையில் எடுத்து உன் உடம்போடு வைத்துப் பார்த்துவிட்டு வா."

வீட்டில் வந்து அழுதேன். அப்பா என் எதிரே வந்து நின்று தன் வலது கையைத் தூக்கிப் பார்த்தார்.

"நான் சொன்னது மிஷினுக்கு" என்றார். "மிஷினு எதிர்ல நின்னு நம்மள பாக்காது."

அம்மா அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு என்னிடம், "போயி அந்தப் பொட்டிய எடுத்துனு வா" என்றாள்.

பெட்டி வந்தது. பேர் தெரியாத ஆளுக்கு எப்படி வேண்டிக்கொள்வது என்று அம்மாவே அவருக்குச் சூசை என்று பேர் வைத்து, அவருடைய ஆத்துமா இளைப்பாற ஜெபமாலையும் சொன்னாள். நான் சூசையின் தொடையை என் தொடைமேல் வைத்தும், கையை என் கைமேல் வைத்தும் படித்தேன். சென்டருக்கும் போனேன். திரைக்கு முதுகைக் காட்டி நின்று, கழுத்தை மட்டும் திருப்பி எலும்புக்கூட்டைப் பார்த்தேன். (அது நிற்கிற மாதிரியே நிற்க எனக்கு வேறு வழி தெரியவில்லை.) "அந்தப் பொண்ணுக்குப் படிப்பு ஜாஸ்தியாயிட்ச்சு" என்று பாபு அண்ணன் அப்பாவை எச்சரித்தாராம்.

மறுதேர்வில் ஒரு பக்கம்கூடத் தப்பாகவில்லை. பிறகு படித்து எலும்பு டாக்டராகவே ஆகிவிட்டேன். எத்தனையோ பேரை நடக்கவைத்திருக்கிறேன். ஆனாலும் எங்கள் வீட்டில் யாரும் என்னிடம் வழி கேட்பதில்லை.

போன வருடம் அம்மாவுக்கு முட்டியில் ஆபரேஷன் செய்ய வேண்டிவந்தது. மகள்தான் செய்ய வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்ததில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. மேஜையில் படுக்கவைத்ததும் நர்ஸ் போர்வையை விலக்கினார். நல்ல முட்டியின் மேல் பேனாவால் அம்மா கொட்டை எழுத்தில் எழுதியிருந்தாள்: "ஸ்டெல்லா, இது இல்ல."